ஒரு கிலோ நானூறு கிராம்

எடைக்கருவியைத் துணிப்பையில்தான் கொண்டுபோவேன்.
பெட்டியில் கொண்டுபோனால்
ஊசி என்று ஓடிவிடுகிறார்கள்.

முக்கூடலில்
பஸ் நிற்கும் முன்பே மூக்கில் ஏறும் புகையிலை.
ஆவுடைத்தங்கம் மடியில் முறம்,
முறத்தில் இலை,
பேசும்போதும் கத்தரி நிற்காது.
"வாங்கக்கா. நீங்க வாரியன்னு தெரிஞ்சதும்
பய ஆத்துக்கு ஓடிட்டான் குளிக்க."

பலவேசம். வயது ஒன்பது.
தாய் தகப்பன் இல்லாத மூன்றாவது வருஷம்.
ஈரத்தலையோடு வந்து நின்றான்,
ஒரு கையால் டவுசரை இறுக்கிப் பிடித்தபடி.
ஏறுலே என்றேன்.
இருபத்திரண்டு அறுநூறு.
மூன்று மாதத்தில் இவ்வளவா என்று
நான் குனிந்து பார்க்கையில்
டவுசர் தன்பாட்டுக்கு இறங்கியது.
டக்கென்று ஒன்று
கருவியின் கண்ணாடியில் விழுந்து உருண்டது.

அப்புறம் எண்ணினோம், அவனும் நானும்.
பதினோரு கல். ஆற்றுக்கல்.
ஈரம்கூடக் காயவில்லை.

"எடை குறைஞ்சா
ஹோமுக்குக் கூட்டிட்டுப் போயிருவியளாமே."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
போன தடவை அவன் சித்தியிடம்
குரலைத் தாழ்த்தி நான்தான் சொன்னேன்.
தாழ்த்திய குரல்தான்
பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும்.

ஆவுடைத்தங்கம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி முச்சூடும் இருமுதான்க்கா.
இலைச்சாக்க அடுப்படிக்கு மாத்திட்டேன்.
நான் அங்கன படுத்துக்கிடுதேன்."
போன வருஷம்
இரண்டில் ஒன்றை அனுப்பி வைத்தவள்.
எதை என்று அவள் எப்படித் தீர்மானித்தாள்
என்பதை நான் இதுவரை கேட்டதில்லை.
உதவித்தொகை மனு கொக்கிரகுளத்தில்
ஏழு மாதமாய் ஒரு கையெழுத்துக்குக் கிடக்கிறது.

மறுநாள் பாளையங்கோட்டை.
சுற்றுச்சுவர், கேட், வேம்பு,
நாற்பத்திரண்டு தட்டு.
செவ்வாய் முட்டை, வெள்ளி சுண்டல்.
ஏட்டில் மட்டுமில்லை, தட்டிலும்;
நானே தின்று பார்த்திருக்கிறேன்.
உப்புதான் கொஞ்சம் குறைவு.

முப்பிடாதிக்கு ஏழரை வயது.
இங்கே அந்தப் பேரில் மூன்று பேர்,
அதனால் இவள் சின்ன முப்பிடாதி.
சொத்தைப்பல் எடுத்தாயிற்று.
கண்ணாடி போட்ட பிறகு
கரும்பலகையில் எழுத்து இருப்பது தெரிகிறது.
சிரங்கு ஆறிவிட்டது. ரத்தம் பதினொன்று எட்டு.
எடை இருபத்திரண்டு நூறு.

"வீட்டுக்குப் போகணுமாட்டி?"
யோசித்தாள்.
"அங்க இலை வெட்டச் சொல்லுவாவ."
கொஞ்சம் கழித்து,
"லீவுக்கு வேணா போறேன்."

ராத்திரி பக்கத்துக் கட்டில் பிள்ளையின்
பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான்
தூங்குகிறாளாம்.
வார்டன் கிரேஸ்மணி சொன்னாள்.
அந்தப் பிள்ளை மதுரைக்கு மாறிப் போகிறது
அடுத்த மாதம்.
இதை எந்தப் பக்கத்தில் எழுத என்று
அவளும் கேட்டாள், நானும் கேட்டேன்.

கூட்டத்தில் கேட்பார்கள்:
இல்லமா, உறவுவீடா, எது நல்லது?
அந்நேரம் பார்த்து
எனக்கு டீ சுடும்.

கருவியைப் பையில் வைக்கையில்
பின்னாலேயே வந்தாள்.
"அண்ணன் எவ்வளவு?"
"எதுக்குட்டி?"
"சொல்லுங்களேன்."

பதிவேட்டில் இருப்பது
இருபத்தொன்று இருநூறு.
இரும்பு மாத்திரை, சத்துமாவு, நெஞ்சுப்படம்
எல்லாம் அதற்கு நேராய் எழுதியாயிற்று.
அதில் ஒரு கல்லும் இல்லை.

"இருபத்திரண்டு அறுநூறு" என்றேன்.

உதடு அசைய, விரலை மடக்கி மடக்கிக் கழித்தாள்.
"அப்ப இன்னும் அவந்தான் பெரியவன்."

மணி அடித்தது.
வெள்ளிக்கிழமை.
தட்டைத் தேடி ஓடினாள்.